வெண்ணெய்க் கை

"யாரோ கொடுக்கிறீங்க."

"சத்தியமா யாரும் கொடுக்கலை, டாக்டர்."

"அப்ப அவனே அடுப்பைப் பத்த வச்சுப் பொரிச்சுச் சாப்பிடுறானா?"

கால்நடை மருத்துவர் கையுறையை உருவிக் கூடையில் எறிந்தார். எஃகு மேசையில் பழுப்பு நாய் ஒருக்களித்துக் கிடந்தது. முன்னங்காலில் மயிர் மழித்த இடத்தில் ஊசி செருகியிருந்தது. மேலே தொங்கிய பையிலிருந்து மருந்து நீர், அவசரமே இல்லாமல், சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. மேசையின் குளிர்ச்சி தலையில் படாதபடி ஒரு பெண் தன் உள்ளங்கையை அடியில் கொடுத்திருந்தாள். கை மரத்துப்போய் வெகுநேரம் ஆகியிருந்தது. அவள் எடுக்கவில்லை.

"கண்ணுல விளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பார்த்துக்கறேன், டாக்டர்," என்றாள்.

"அதையும் நக்கிடப் போறான். அதுவும் கொழுப்புதானே," என்றான் கதவோரம் நின்ற அவளுடைய அண்ணன். யாரும் சிரிக்கவில்லை. பயம் வந்தால் அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

மருத்துவர் நாயின் வயிற்றை விரல் நுனிகளால் மெல்ல அழுத்திப் பார்த்தார். "கணையம் வீங்கியிருக்கு. இங்க இருந்தா தெளியுது, வீட்டுக்குப் போனா திரும்ப வாந்தி. இதுவே ரெண்டாவது தடவை. கொழுப்பு உள்ள போகாம இப்படி வராதும்மா. இன்னொரு தடவை வந்தா நான் ஊசி போட ரெடி. தாங்கறதுக்கு அவன் உடம்பு ரெடியா இருக்காது."

"அப்ப கொஞ்ச நாள் பட்டினி போடட்டுமா?"

"அதுவும் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி, அவனா விரும்பிச் சாப்பிடணும். வாயைத் திறந்து திணிச்சீங்கன்னா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். சாப்பிடணும், ஆனா ஒரு பொட்டு எண்ணெய் போகக் கூடாது. உங்களால முடியுமா?"

"முடியும்," என்றாள் அவள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டதால் மருத்துவர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன வேலை பார்க்கிறீங்க?"

"மூக்குக்கண்ணாடிக் கடையில."

"வீட்ல?"

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பேக்கரி," என்றான் அண்ணன்.

மருத்துவர் போய்க் கை கழுவினார். அறை முழுக்க எலுமிச்சை வாசனை எழுந்தது. நாய் கண்ணை மூடிக்கொண்டது.

பேக்கரி கீழே, வீடு மேலே. இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய மாடிப்படி. படியின் கைப்பிடியில் வெண்ணெய் இருந்தது, விளக்கு சுவிட்சில் இருந்தது, தலையணை உறைகளில் இருந்தது. கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அந்த வீட்டுக்குள் முதன்முறையாக நுழைகிறவர்கள் வாசலிலேயே ஒரு கணம் நின்று, தாங்கள் எதையோ மறந்துவிட்டதுபோல் மூச்சை இழுப்பார்கள். அவள் வேலைக்குப் போடும் உடைகளை ஜிப் வைத்த பையில் பூட்டி வைத்திருந்தாள். இல்லையென்றால், சட்டகம் பொருத்த அவள் முகத்தருகே குனியும்போது வாடிக்கையாளர்களுக்குப் பசித்துவிடும்.

நாய் எப்போதும் கடை வாசலில், வருகிறவர்களை ஏற இறங்கப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். உள்ளே விடலாமா வேண்டாமா என்று அதுதான் முடிவு செய்வதுபோல் இருக்கும். அதனால் அண்ணன் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தான். பெயர் வைத்தபின் மரியாதையும் கூடவே ஒட்டிக்கொண்டது. 'மேனேஜர் எழுந்துட்டாரா?' 'மேனேஜருக்கு இன்னைக்கு மூடு சரியில்லை.' உடம்பு சரியில்லாமல் போனபிறகும் யாரும் அந்த மரியாதையைக் கைவிடவில்லை. 'மேனேஜர் வாந்தி எடுத்துட்டாரு' என்று அம்மா மாடியிலிருந்து கத்தும்போது கடையில் நிற்பவர்கள் திடுக்கிடுவார்கள்.

இரண்டாம் முறை மருத்துவமனையிலிருந்து வந்த அன்றே அவள் வீட்டைப் பிடித்துக் குலுக்கினாள். மேனேஜரின் படுக்கையை மாடியில் தன் அறைக்குக் கொண்டு போனாள். படிக்கட்டின் மேல்முனையில் பழைய பலகை ஒன்றைக் குறுக்கே கட்டினாள். அண்ணனின் கால்சட்டைப் பைகளைத் திருப்பிக் கொட்டினாள்; ஒரு பிஸ்கட்டின் பாதி விழுந்தது.

"அது எனக்கு!" என்றான் அண்ணன்.

"உனக்குன்னா வாயில போடு, பையில போடாதே."

"நீ கண்ணாடிக் கடைக்குப் பதிலா போலீஸ்ல சேர்ந்திருக்கலாம், லென்ஸு."

கோழியின் நெஞ்சுக்கறியைத் தோலுரித்து வேகவைத்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்து, வெளியே எடுத்ததும் மேலே படர்ந்திருக்கும் வெண்படலத்தைக் காகிதத்தால் ஒற்றி எடுத்தாள். மறுபடி காய்ச்சினாள், மறுபடி குளிரவைத்தாள், மறுபடி ஒற்றினாள். அதை வெறும் சோற்றில் பிசைந்தால் எந்த வாசனையும் இல்லாத, கிட்டத்தட்ட நினைவே இல்லாத ஓர் உணவு கிடைத்தது.

அம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஜுரம் வந்து கிடந்தப்ப ஒரு டம்ளர் வெந்நீர் வச்சுக் கொடுத்தியா நீ?"

"நீ எழுந்து போய் அடுப்புல வச்சு எடுத்துக்குவே. அது எடுத்துக்குமா?"

"வாய், வாய். இந்த வீட்ல கொழுப்பு இல்லாத இடம் ஒண்ணுகூடக் கிடையாது. மேனேஜர் பாவம், எங்கதான் போவாரு."

உணவு தயாராக இருந்தது. உண்ண ஆள் இல்லை. அவள் நீட்டினால் மேனேஜர் முகர்ந்து பார்த்துவிட்டு, ஏதோ தவறான முகவரிக்கு வந்த பார்சலைப் போல அதை விட்டுவிடும். அம்மா கொஞ்சிப் பார்த்தாள். அண்ணன் தானே ஒரு வாய் தின்று காட்டி, முகத்தைச் சுளிக்காமலிருக்கப் பாடுபட்டான். பயனில்லை.

அப்பாவிடம் மட்டும் அது சாப்பிட்டது.

பிற்பகலில் கடைசிச் சுற்று அடுப்பிலிருந்து இறங்கியதும் அப்பா மேலே வருவார். கனத்த உடம்பை மெதுவாக இறக்கித் தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டுவார். மேனேஜர் தலையைத் தூக்கும். முதலில் உள்ளங்கை, பிறகு விரல்கள், பிறகு விரல்களுக்கு நடுவே என்று ஒரு இடம் விடாமல், வேலை தெரிந்தவர் செய்வதுபோல் நக்கும். அப்பா கண்ணை மூடிக்கொள்வார். "பேசறான் பாரு," என்பார். அந்தக் கையாலேயே சோற்றை அள்ளி நீட்டினால் ஒரு வாய், இரண்டு வாய் எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் அறையில் எல்லோரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள்.

"இவர் கை ராசி," என்றாள் அம்மா.

மகளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. இரவெல்லாம் அதன் வயிற்றின் மேல் கை வைத்துத் தூங்குகிறவள் அவள். உள்ளே இழுப்பு வந்தால் கைக்குத் தெரிந்துவிடும் என்பதற்காக. மாத்திரையை அடிநாக்கில் வைப்பவள் அவள். படி இறங்கித் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பத் தூக்கி வருகிறவளும் அவள்தான். இருந்தும் நன்றியெல்லாம் அப்பாவின் கைக்குப் போனது. போகட்டும், சாப்பிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும்போது, மேனேஜர் முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, நெஞ்சைத் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது.

"பார்றா, விளையாடக் கூப்பிடறாரு!" என்று அண்ணன் பந்தைத் தேடி ஓடினான்.

"ஓடாதே." அவள் ஏற்கெனவே மண்டியிட்டிருந்தாள். முதல் தடவையும் அவர்கள் இதைத்தான் விளையாட்டு என்று நினைத்தார்கள். பந்தை உருட்டிவிட்டு, ஏன் வரவில்லை என்று சிரித்துக்கொண்டு நின்றார்கள். வயிற்று வலி தாங்காத நாய் அப்படித்தான் நிற்கும் என்று பிறகு மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது.

அவள் மருத்துவருக்குப் போன் செய்தாள். முழுதாக வரவில்லை, தொடங்குகிறது என்றார் அவர். வலி மாத்திரை கொடுக்கச் சொன்னார். நல்லவேளை, மதியத்துக்குள் அது படுத்துக்கொண்டது. ஆனால் அவள் வேலைக்குப் போகவில்லை. எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டாள். அப்பா மட்டும் அடுப்பை விட்டு வர முடியாது என்று சொல்லியனுப்பினார்.

"யாரு?"

"என்ன யாரு? என்னைப் பார்த்து ஏன் கேட்கறே?" அம்மாவுக்குக் கண் சிவந்துவிட்டது. "பெத்த பொண்ணு மாதிரியா கேட்கறே நீ?"

"அண்ணா?"

"பைகூடத் தைச்சு மூடிட்டேன், லென்ஸு. காசு வைக்க இடமில்லாம சாக்ஸுல வச்சுக்கிட்டுத் திரியறேன்." சொல்லிவிட்டு அவன் குரல் இறங்கியது. "நான் கொடுக்கலை. அவன் செத்துப் போறதுக்கு நான் ஏன் கொடுக்கப் போறேன்?"

அவர்கள் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது. யாராவது திருடனாக இருந்திருந்தால் பிடித்திருக்கலாம்.

பிற்பகல் அப்பா மேலே வந்தார். வழக்கம்போல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். "கொஞ்சம் துடைச்சுக் கொடு, பாப்பா. உலகமே பனிமூட்டமா இருக்கு." பிறகு தரையில் உட்கார்ந்தார்.

அவள் கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அதைத் துணியால் வெறுமனே துடைத்தால் போகாது, இன்னும் பரவத்தான் செய்யும் என்று அவளுக்குத் தெரியும். வாயால் ஊதினாள். ஆவி படர்ந்து விலகியபோது வில்லையில் ஒரு பெருவிரல் ரேகை முழுதாக எழுந்து வந்தது. வளையத்துக்குள் வளையமாக, ஓரங்களில் மினுமினுப்போடு. ஒரு சின்னக் குளத்தில் யாரோ இப்போதுதான் கல்லெறிந்ததுபோல் இருந்தது.

"அப்பா, கை கழுவினீங்களா?"

"கழுவாம வருவேனா?"

"எதால?"

அப்பா சிரித்தார். "எதாலன்னா? தவிடு போட்டுத் தேச்சு, வெந்நீர். எப்பவும் போல."

வேலை நாளில் அவர் கையில் சோப்பு படாது. சோப்பு வாசனை மாவில் ஏறினால் மறுநாள் சுடுவதில்கூடத் தெரியும் என்பார். தவிட்டால் தேய்த்துக் கழுவிய கை காய்ந்து, வெளுத்து, பார்வைக்கு யார் கையையும்விடச் சுத்தமாகத்தான் இருக்கும்.

மேனேஜர் தலையைத் தூக்கி நாக்கை நீட்டியது.

"இருங்க!"

அவள் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தாள். மகள் தன் பையிலிருந்து மாதிரி வில்லைகள் இரண்டை எடுத்தாள். ஒன்றை அப்பாவின் இடது கைப் பெருவிரலில் ஒற்றினாள். வில்லை மங்கியது. பிறகு, மனதைக் கல்லாக்கிக்கொண்டு, அந்த ஒரு விரலை மட்டும் மேனேஜரிடம் நீட்டச் சொன்னாள். நக்கி முடித்ததும் ஈரத்தை உலர்ந்த துணியில் ஒற்றிவிட்டு, இரண்டாவது வில்லையில் பதித்தாள். இரண்டையும் ஜன்னலுக்கு நேரே பிடித்தாள்.

முதல் வில்லையில் குளம். இரண்டாவதில் தெருவும் எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணிகளும் தெளிவாகத் தெரிந்தன.

"முதல்ல இருந்தது இப்ப இல்லை," என்றாள். "எங்க போச்சுப்பா?"

அப்பாவுக்குப் புரிய நேரமாகவில்லை. அவர் மெதுவாகக் கைகளை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். நீட்டிய நாக்கோடு மேனேஜர் காத்திருந்தது.

"அவன் எதையும் தொடாம கிடந்த அன்னைக்கு," என்றார் அவர், "இன்னும் கொஞ்ச நேரம் காட்டினேன். கையையாவது நக்கறானேன்னு."

அம்மா போய் அவர் தோளில் கை வைத்தாள். "நமக்கென்னங்க தெரியும்? இந்த வீட்ல வெண்ணெய் வாசனை மூக்குக்கே எட்டறதில்லை."

மறுநாளிலிருந்து வீடு ஒரு போர்க்களம்போல் ஆயிற்று. அப்பா குளியல் சோப்பால் முழங்கை வரை தேய்த்துக் கழுவினார். வில்லை மங்கியது. மறுபடி கழுவினார். நகக்கண்ணிலும் வெடிப்புகளிலும் இத்தனை காலம் ஊறியது சோப்புக்கு அசையவில்லை. அம்மா பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொண்டு வந்தாள். அதில் வெண்ணெய் போயே போயிற்று, வில்லை பளிச்சென்றிருந்தது. அவர் வெற்றி பெற்றவராகத் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

மேனேஜர் முகர்ந்தது. காதுகள் பின்னால் படிந்தன. உடம்பைச் சுருட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

"என்னடா, நான்தான்டா," என்றார் அப்பா.

எலுமிச்சை வாசனை. அந்த எஃகு மேசையும் ஊசியும் அதே வாசனையில்தான் இருந்தன. அவளுக்குப் புரிந்தபோது கட்டிலுக்கடியில் அதன் நடுக்கம் தரைவழியாகத் தெரிந்தது.

அடுத்த நாள் அண்ணன் மெல்லிய ரப்பர் கையுறைகள் வாங்கி வந்தான். அப்பா அதைப் போட்டுக்கொண்டு மாவும் வெண்ணெயும் மாறி மாறி மடிக்கும் மேசையில் நின்றார்.

"ஆபரேஷன் சக்சஸா, டாக்டர்?" என்றான் அண்ணன்.

"வாயை மூடு. ஒண்ணும் தெரியலைடா எனக்கு. மாவு இறுகியிருக்கா, இளகியிருக்கா, எதுவும் கையில சொல்ல மாட்டேங்குது."

அன்றைய பஃப்களில் அடுக்கே எழவில்லை. தட்டையாக, வேதனையோடு சிரிக்கும் வாய்கள்போல் தட்டில் கிடந்தன. வாங்கிப் போன ஒருவர் திரும்பி வந்து, உடம்பு கிடம்பு சரியில்லையா என்று அக்கறையாக விசாரித்தார். கையுறைக்குள் வியர்வை ஊறியதோடு சரி. கழற்றிப் பார்த்தால் அதே வெண்ணெய், எப்படி நுழைந்ததோ, மணிக்கட்டு வழியாக உள்ளே இறங்கியிருந்தது.

மேனேஜர் சாப்பிடவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. தண்ணீரை மட்டும் நாக்கு நுனியால் தொட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது. விலா எலும்புகளின் மேல் தோல் தளர்ந்து, யாரோ பெரியவர்களின் சட்டையைப் போட்டுக்கொண்டதுபோல் இருந்தது. அவள் மருத்துவருக்குப் போன் செய்தாள்.

"குழாய் போட்டு உணவு இறக்கலாம்," என்றார் மருத்துவர். "அதுக்கு மயக்க மருந்து கொடுக்கணும். இருக்கிற நிலைமையில அதை நான் விரும்பலை. நாளை சாயங்காலம் வரைக்கும் பாருங்க. அவனா ஒரு வாய் சாப்பிட்டான்னா போதும், அப்புறம் தானா வழி திறக்கும்."

அவள் போனை வைத்துவிட்டுக் கீழே போனாள். கடை மூடும் நேரம். அப்பா வெறும் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"அப்பா, நீங்க கொஞ்ச நாள் வெண்ணெயைத் தொடக் கூடாது. அது ஒண்ணுதான் வழி. நீங்க கொடுத்தாத்தான் சாப்பிடுவான். கையில வெண்ணெய் இருந்தா அது விஷம், எலுமிச்சை இருந்தா ஊசி. ரெண்டும் இல்லாத கை வேணும்."

"இந்தக் கையா? ராத்திரிக்குள்ளயா?"

"இப்பவே அந்தத் திரவத்தால நல்லாக் கழுவுங்க. அப்புறம் வெறும் வெந்நீர்ல ஊற வச்சுக்கிட்டே இருங்க, வாசனை போற வரைக்கும். நாளைக்குக் காலையில எதையும் தொடாதீங்க. மத்தியானம் உட்கார்ந்து கொடுங்க. நான் லென்ஸை வச்சுப் பார்த்துட்டுத்தான் விடுவேன்."

"அப்ப இதை யாரு மடிக்கறது?" அவர் மேசையைத் தட்டினார்.

"நான் மடிக்கறேன்," என்றான் அண்ணன், அடுப்புப் பக்கத்திலிருந்து.

"உன் கை கணகணன்னு அடுப்பு மாதிரி. நீ தொட்டா வெண்ணெய் உருகித் தெருவுக்கு ஓடிடும். நீ அடுப்பைப் பாரு."

"கடையை மூடிடுங்க."

"மூடலாம், பாப்பா. ஒரு நாள்னா மூடலாம். அவன் தேறுறதுக்கு எத்தனை நாளாகும்னு டாக்டருக்கே தெரியாது."

அப்பா குழாயடிக்குப் போனார். எலுமிச்சை வாசனை எழுந்தது. பிறகு அண்டாவில் வெந்நீர் ஊற்றிக் கைகளை அதற்குள் இறக்கினார். தண்ணீர் ஆற ஆற மாற்றினார். அம்மா மேலும் கீழும் வெந்நீர் சுமந்தாள். வெகுநேரம் கழித்து, கைகள் வெளுத்துச் சுருங்கி யாருடையதோபோல் ஆனபின், துடைத்துக்கொண்டு அவர் மாடி ஏறினார்.

அவள் தரையில், மேனேஜரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையை அதன் வயிற்றின் மேல் விரித்து உட்கார்ந்திருந்தாள். அப்பா அருகே வரவில்லை. வாசற்படியிலேயே நின்றார். அவர் கைகளைத் தொங்கவிட்டிருந்த விதம், ஈரச் சுண்ணாம்பு பூசிய சுவரருகே நிற்பவர் எதிலும் உரசிவிடாமலிருக்கப் பார்ப்பதுபோல் இருந்தது.

"அவன் சாப்பிடுவான்," என்றார். "நான் சாப்பிட வைக்கறேன். ஒரு வாய் இல்லை, ஒரு கிண்ணம். எழுந்து ஓடுற வரைக்கும் நான் வெண்ணெயில விரல் வைக்க மாட்டேன். இது சத்தியம்."

"சரிப்பா."

"உன் கடை முதலாளிகிட்ட நான் பேசறேன். கொஞ்ச நாள் நீ பத்தரைக்குத்தான் வருவேன்னு சொல்லிடலாம்." அவர் கீழே கடைப் பக்கம் தலையசைத்தார். "நான் பக்கத்துல நின்னு மடிக்கறதைச் சொல்லிக் கொடுக்கறேன், தொட மாட்டேன். உங்கம்மாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. திருகாணி பூட்டற விரல் உனக்கு, அவசரப்படாத விரல். ஆனா ஒண்ணு. வெண்ணெயில இறங்கின கை, நான் சொல்லணுமா உனக்கு... நீயே லென்ஸுல காட்டினவ."

அவள் விரல்களின் அடியில் வயிறு மெல்ல ஏறி இறங்கியது.

"ராத்திரி நான் இங்க படுத்துக்கறேன். மாத்திரை நான் கொடுக்கறேன், கீழ தூக்கிட்டுப் போறதும் நான்தான். நீ பக்கத்துலயே வரக் கூடாது. நீ தூரத்துல இருந்து கூப்பிட்டா அவன் ஏன்னு புரியாம பார்ப்பான்தான். பார்க்கட்டும்." அப்பா வாசற்படியில் உட்கார்ந்து, அவள் கண்ணுக்கு நேராகப் பார்த்தார். "அவனை எங்கிட்ட விட்டுட்டு, நாளைக்கு விடியக்காலையில கீழ வந்து மாவுல கை வைப்பியாம்மா?"